காற்றுக்கும் கணக்கெழுத வேண்டும்

கண்ணுக்கு விட்ட மருந்தே கண்ணுக்குக் கேடாக முடிந்த செய்தி 2023ஆம் ஆண்டில் இரண்டு தடவை நம் காதுக்கு எட்டியது.

முதற் செய்தி அமெரிக்காவிலிருந்து வந்தது. சென்னையைத் தளமாகக் கொண்ட குளோபல் பார்மா ஹெல்த்கெயார் என்ற கம்பனி தயாரித்த செயற்கைக் கண்ணீர்த் துளிகள் அங்கு எஸ்ரிகெயார் முதலிய பெயர்களில் விற்கப்பட்டன. அவற்றோடு தொடர்புபட்ட பக்டீரியாத் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 14 பேர் பார்வையை இழந்தனர். நால்வருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது. நால்வர் உயிரிழந்தனர். இவை 2023 மே மாதம் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்ட எண்ணிக்கைகள்.

இரண்டாவது நமது நாட்டுச் செய்தி. இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் தயாரான பிரட்னிசோலோன் கண் துளியைப் பாவித்த நோயாளர் 30 பேருக்கு மேல், நுவரெலியா உட்பட சில இடங்களின் அரச வைத்தியசாலைகளில் கண் பாதிப்புக்கு உள்ளானதாக அறிவிக்கப்பட்டது. இலங்கை இந்தியாவிடம் முறைப்பாடு செய்தது.

இரண்டும் கள்ளச் சரக்கல்ல. ஒன்று கடைத் தட்டில் இருந்தது, மற்றது அரச வைத்தியசாலையில் கொடுக்கப்பட்டது. பெட்டி, பெயர், திகதி எல்லாம் இருந்தன. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை என்று கேட்க வேண்டியவர்கள் வைத்தியர்கள் மட்டுமல்லர். வாங்கி விற்கும் வர்த்தகனும் கேட்க வேண்டும்.

கனமூலைக்கு இதில் என்ன?

தேங்காய், இறால், உப்பு, மீன் என்பனவே நமது கரையோரத்தின் பழைய தொழில்கள். அவற்றில் சேர்த்த முதலை வைத்து அடுத்த படிக்கு ஏற விரும்பும் இளைஞர்கள் இன்று கனமூலையிலும் மதுரங்குளியிலும் இருக்கின்றனர். வேர்ஜின் தேங்காய் எண்ணெய், அழகுசாதனக் கிறீம், காளான் வித்து, போத்தல் தண்ணீர், சத்திரசிகிச்சைப் பொருட்களைப் பொதியிடுதல் என்று பேச்சு நீள்கிறது. இன்னொரு பக்கம் பாமசி நடத்துவோரும் மருத்துவப் பொருள் இறக்குமதியில் பங்கு வைத்திருப்போரும் நம்மிடையே உள்ளனர்.

இவர்களுக்கு இயந்திரம் விற்க வருபவரின் வண்ணக் கையேட்டிலும், சரக்கு விற்க வருபவரின் கோப்பிலும் 'கிளீன் ரூம்' என்ற சொல் தவறாமல் இருக்கும். கூடவே ஒரு சான்றிதழின் பிரதியும் இருக்கும். நாமும் அதைப் பார்த்துத் தலையாட்டி விடுகிறோம். இந்தத் தலையாட்டலைத்தான் இக்கட்டுரை கேள்விக்கு உட்படுத்துகிறது.

சுத்த அறையின் காற்று விடயத்தில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, அந்த அறை எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்று அளந்து வகைப்படுத்துவது. மற்றையது, அந்தத் தரம் இன்றும் இருக்கிறதா என்று தொடர்ந்து கண்காணிப்பது. முதலாவதற்குச் சான்றிதழ் கிடைக்கும். இரண்டாவதற்குப் பதிவேடு மட்டுமே கிடைக்கும். நமது வர்த்தகர்கள் சான்றிதழைக் கேட்கிறார்கள், பதிவேட்டைக் கேட்பதில்லை. கேட்க வேண்டியது பதிவேட்டையே என்பது எனது கருத்து.

இது புரியாத விடயமல்ல. இறால் பண்ணை வைத்திருப்பவர் குஞ்சு விட்ட அன்று எடுத்த தண்ணீர் அறிக்கையைச் சுவரில் மாட்டிவிட்டு அறுவடை வரை நிம்மதியாக உறங்குவாரா? உப்புத்தன்மையையும் ஒட்சிசனையும் நாளாந்தம் பார்க்கிறார். 1996இல் வெள்ளைப் புள்ளி நோய் புத்தளம் மாவட்டப் பண்ணைகளை வாரிச் சென்ற பிறகு அந்தப் பாடத்தை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீருக்கு நாம் செய்வதை அவர்கள் காற்றுக்குச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சுத்த அறை என்பது என்ன?

வெள்ளை வர்ணம் பூசி, தரையில் டைல்ஸ் பதித்து, குளிரூட்டி பூட்டிய அறை சுத்த அறை ஆகிவிடாது. காற்றில் மிதக்கும் துகள்களின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டு, அது எண்ணிப் பார்க்கப்படும் அறையே சுத்த அறை.

இன்றைய வடிவத்தை உருவாக்கியவர் அமெரிக்காவின் சான்டியா ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர் வில்லிஸ் விட்ஃபீல்ட். 1960களின் தொடக்கத்தில் அவர் கண்ட வழி மிக எளிமையானது. தூசியைத் துடைத்துக்கொண்டே இருப்பதை விட, வடிகட்டிய காற்றை ஒரே சீராக ஓடவிட்டுத் தூசியை வெளியே தள்ளுவது மேல் என்றார். அதற்குப் பயன்படும் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோன். நமது தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன் என்றால் அளவு விளங்கும்.

அறைக்குள் தூசியைக் கொண்டு வருவதில் முதலிடம் மனிதனுக்கே. தோலிலிருந்து உதிரும் செதில், உடையின் நூல், மூச்சு, பேச்சு எல்லாம் துகள்தான். பக்டீரியா பெரும்பாலும் தனியே பறப்பதில்லை, அந்தச் செதில்களில் ஏறித்தான் பயணம் செய்கிறது. அதனால்தான் அங்கு வேலை செய்வோர் தலை முதல் கால் வரை மூடிக்கொள்கின்றனர்.

எண்ணிக்கையே தரம்

காற்றின் தரத்தை உலகம் இன்று ஐ.எஸ்.ஓ. 14644 என்ற நியமத்தின்படி அளக்கிறது. அதன் முதலாம் பகுதி 1999இல் வெளிவந்து 2015இல் திருத்தப்பட்டது. அதற்கு முன்னர் வழக்கிலிருந்தது அமெரிக்காவின் 209 என்ற நியமம். அது 2001 நவம்பரில் இரத்துச் செய்யப்பட்டது. ஆனாலும் விற்பனையாளர்கள் 'கிளாஸ் 100', 'கிளாஸ் 10,000' என்று பழைய கணக்கில் பேசுவதை இன்றும் கேட்கலாம். பழைய கிளாஸ் 100 இன்றைய ஐ.எஸ்.ஓ. 5ஆம் வகுப்பு. கிளாஸ் 10,000 என்பது 7ஆம் வகுப்பு. கிளாஸ் 100,000 என்பது 8ஆம் வகுப்பு.

புதிய நியமத்தில் 1 முதல் 9 வரை ஒன்பது வகுப்புகள் உண்டு. இலக்கம் குறையக் குறையச் சுத்தம் கூடும். 0.5 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் ஒரு கன மீற்றர் காற்றில் 5ஆம் வகுப்பில் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. 7ஆம் வகுப்பில் 352,000 வரை இருக்கலாம். 8ஆம் வகுப்பில் 35 இலட்சத்து 20 ஆயிரம் வரை போகலாம். ஒரு வகுப்பு மாறினால் பத்து மடங்கு மாறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆகவே 'எங்களிடம் கிளீன் ரூம் இருக்கிறது' என்ற வார்த்தைக்கு மட்டும் பெறுமதி இல்லை. 'எங்களிடம் வாகனம் இருக்கிறது' என்பதைப் போன்றது அது. லொறியா, துவிச்சக்கர வண்டியா என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று. எந்த வகுப்பு? எந்த அளவுத் துகளை எண்ணினார்கள்? எந்த நிலையில் எண்ணினார்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அறையைக் கட்டி முடித்து வெறுமையாக இருக்கும்போது எண்ணலாம். இயந்திரங்களை வைத்து, ஆட்கள் இல்லாதபோது எண்ணலாம். ஆட்கள் உள்ளே நின்று வேலை செய்யும்போதும் எண்ணலாம். நியமம் இந்த மூன்று நிலைகளையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. மூன்றுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் உண்டு. கிருமியற்ற மருந்துகளுக்கான ஐரோப்பிய விதியை எடுத்துக்கொள்வோம். பி தர அறை ஆளில்லாதபோது 3,520க்குள் இருக்க வேண்டும். அதே அறையில் வேலை நடக்கும்போது 352,000 வரை அனுமதி உண்டு. ஆளில்லாத அறையின் இலக்கத்தைக் காட்டி வேலை நடக்கும் அறையைப் பற்றி நம்ப வைப்பது, மூடியிருக்கும் சந்தையைக் காட்டி இங்கு நெரிசலே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

எண்ணுவதற்கும் முறை உண்டு. ஒளிக்கற்றைக்குள் காற்றை இழுத்து, துகளில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு எண்ணும் கருவி பாவிக்கப்படுகிறது. 10 சதுர மீற்றர் அறையில் 5 இடங்களிலும் 36 சதுர மீற்றர் அறையில் 9 இடங்களிலும் எண்ண வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடத்துக்குக் குறையக் கூடாது. ஓர் இடத்தின் சராசரி எல்லையைத் தாண்டினாலும் முழு அறையும் தவறியதாகவே கொள்ளப்படும். சுத்தமான மூலையில் மட்டும் எண்ணி நல்ல பெயர் வாங்க இடமில்லை.

ஒரு நாள் பரீட்சையும் அன்றாடக் கணக்கும்

இத்தனையும் செய்து முடித்தாலும் கையில் கிடைப்பது ஒரு நாளின் சாட்சிதான். மறுநாள் வடிகட்டியின் ஓரத்தில் ஒரு கசிவு விழலாம். கதவு சரியாக மூடாமல் போகலாம். புதிதாகச் சேர்ந்த ஊழியர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு நிற்கலாம். சான்றிதழுக்கு இவை எதுவும் தெரியாது.

இதனால்தான் ஐ.எஸ்.ஓ. 14644இன் இரண்டாம் பகுதி, 2015இன் திருத்தத்தில், ஒவ்வொரு நிறுவனமும் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. எங்கே ஆபத்து அதிகமோ அங்கே அடிக்கடி எண்ண வேண்டும். மருந்துத் துறையில் இது இன்னும் கடுமை. 2023 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதியின்படி, மருந்து திறந்த நிலையில் நிரப்பப்படும் ஏ தர இடத்தில் வேலை நடக்கும் நேரம் முழுவதும் துகள் எண்ணப்பட வேண்டும். ஏ, பி தர இடங்களைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மீண்டும் சோதிக்க வேண்டும். சுத்தம் கூடிய அறையிலிருந்து குறைந்த அறைக்குக் காற்று தள்ளப்பட வேண்டும். அந்த அழுத்த வித்தியாசம் குறைந்தது 10 பாஸ்கல் இருக்க வேண்டும். அதற்கு மானி பூட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

துகள் எண்ணும் கருவிக்கு உயிருள்ளதும் உயிரற்றதும் ஒன்றுதான். உப்புத் துகளையும் பக்டீரியா ஏறிய செதிலையும் அது ஒன்றாகவே எண்ணும். ஆகவே கிருமிகளை அறிய, ஊட்டப்பொருள் நிரப்பிய 90 மில்லிமீற்றர் தட்டுகளைத் திறந்து வைப்பார்கள். நான்கு மணித்தியாலம் வரை வைத்து, பின்னர் வெப்பப்பெட்டியில் வளர்த்துப் பார்ப்பார்கள். ஏ தர இடத்தில் ஒன்றுமே வளரக் கூடாது.

பதிவேட்டின் பெறுமதி எங்கே இருக்கிறது? உதாரணத்துக்கு ஓர் இடத்தின் எல்லை 3,520 என்போம். முதல் மாதம் 1,000. அடுத்து 1,400. பிறகு 1,900. பிறகு 2,600. நான்கும் எல்லைக்குள்தான். சான்றிதழ் பார்ப்பவர் நான்கு தடவையும் 'சித்தி' என்று எழுதுவார். ஆனால் கடைக் கணக்குப் பார்த்துப் பழகிய எவருக்கும் இது சரியும் வியாபாரம் என்று தெரியும். நல்ல நிறுவனம் எல்லைக்குக் கீழே ஓர் எச்சரிக்கைக் கோட்டைப் போட்டிருக்கும். 1,900 வந்தவுடனேயே வடிகட்டியைக் கழற்றிப் பார்த்திருக்கும்.

மதுரையும் சென்னையும்

இதெல்லாம் வெள்ளைக்காரரின் பெரிய கம்பனிகளுக்கு, நம்மால் ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு மதுரையைக் காட்டலாம்.

வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் என்ற உற்பத்திச்சாலையை அமைத்தது. கண்புரை நீக்கிய பின் கண்ணுக்குள் வைக்கும் வில்லையைத் தூசியற்ற அறையில்தான் செய்ய முடியும். இறக்குமதி வில்லை 100 டொலருக்கு மேல் விற்ற காலத்தில், மதுரையில் செய்த வில்லை சுமார் 10 டொலருக்கு வந்தது. பின்னர் விலை இன்னும் குறைந்தது. ஐரோப்பாவின் சீ.ஈ. அடையாளமும் பெற்று 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த வில்லைகள் சென்றன. வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ கண்புரை சத்திரசிகிச்சை செய்தவர்கள் அந்த வில்லையின் அருமையை அறிவார்கள்.

இனி அதே தமிழ்நாட்டுச் சென்னைக் கம்பனி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 பெப்ரவரியில் சுட்டிக்காட்டிய குறைகளில், தகுந்த நுண்ணுயிர்ப் பரிசோதனை இல்லாமையும், பலதடவை பாவிக்கும் குப்பியில் போதிய கிருமித் தடுப்புப் பொருள் இல்லாமையும் அடங்கும். காற்று மட்டுமே குற்றவாளி என்று இதற்குப் பொருளல்ல. சோதித்துப் பார்க்கும் பழக்கம் தளரும் இடத்தில் காற்று, தண்ணீர், குப்பி, கை எதுவும் கேடாகலாம் என்பதே இதில் உள்ள பாடம்.

இரு நிறுவனங்களும் ஒரே மாநிலம். வெப்பமும் தூசியும் அங்கும் இங்கும் உண்டு. சிறிய நகரம், ஏழை நாடு என்பவை சாக்காக முடியாது என்பதற்கு மதுரை சாட்சி.

நமக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. 1960ஐ அண்டிய ஆண்டுகளில் இலங்கையிலிருந்து போன, வர்த்தகர்கள் டி.சி. என்று அழைக்கும் உலர் தேங்காய்த் துருவலில் சல்மொனெல்லாக் கிருமி இருப்பதை பிரித்தானியர் கண்டுபிடித்தனர். அதன்பின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் கடும் ஒழுங்குவிதிகள் வந்தன. வாங்குபவன் சோதிக்கத் தொடங்கிய பிறகு விற்பவன் விழித்துக்கொள்வது நட்டமான விழிப்பு.

நமது காற்றும் நமது மின்சாரமும்

கனமூலைப் பக்கம் ஒருவர் சுத்த அறை கட்டுவதாயின், கொழும்பில் வரைந்த திட்டத்தை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது. இங்கு கடற்காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். வடிகட்டியைத் தாங்கும் சட்டம் துருப்பிடித்தால் வடிகட்டி நல்லதாக இருந்தும் ஓரத்தால் காற்று கசியும். சிரட்டை எரிக்கும் புகையும் வீதிப் புழுதியும் முன்வடிகட்டியைச் சீக்கிரம் அடைக்கும். காற்றின் திசை மாறும் பருவத்தோடு எண்ணிக்கையும் மாறலாம். ஆண்டில் ஒரு நாள் எண்ணினால் இதெல்லாம் எப்படித் தெரியவரும்?

மின்சாரம் இன்னொரு பாடு. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. விசிறி நின்ற கணத்தில் அழுத்தம் விழும், வெளிக்காற்று உள்ளே புகும். மின்சாரம் திரும்பியதும் அறை எத்தனை நிமிடத்தில் பழைய நிலைக்கு மீள்கிறது என்பது பதிவாகியிருக்க வேண்டும். வேலை முடிந்து ஆட்கள் வெளியேறிய பின் 20 நிமிடத்துக்குள் அறை ஓய்வு நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பது ஐரோப்பிய விதியின் வழிகாட்டல். சரக்கு வாங்குபவர் இதை ஒரு கேள்வியாகவே கேட்கலாம்: 'அன்று மின்சாரம் நின்றபோது உங்கள் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது?' ஒன்றும் எழுதப்படவில்லை என்றால், அல்லது அன்றும் வழமையான இலக்கமே இருந்தால், அந்தப் பதிவேடு எப்படி எழுதப்பட்டது என்பது புரிந்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, எல்லாத் தொழிலுக்கும் சுத்த அறை தேவையில்லை. தேங்காய் எண்ணெய்க்கும் மிளகாய்த் தூளுக்கும் நல்ல உணவுச் சுகாதார முறை, கொதித்தாறிய தண்ணீர், வலை போட்ட ஜன்னல், கை கழுவும் ஒழுங்கு ஆகியவற்றைச் சரியாகச் செய்தாலே பெரும் பகுதி நிறைவேறிவிடும். தேவையில்லாத இடத்தில் இலட்சக்கணக்கில் செலவழித்து, பிறகு வடிகட்டி மாற்றப் பணமில்லாமல் நிற்பது புத்தியல்ல. காளான் வித்துக்கும் திசு வளர்ப்புக்கும் முழு அறை கூட வேண்டியதில்லை, சுத்தக் காற்று ஓடும் ஒரு மேசைப் பெட்டி போதும். அந்தத் துறையில் வழி கேட்க நமது மாவட்டத்திலேயே லுணுவில தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

இரண்டாவது, உண்மையாகத் தேவைப்படுவோர் அறைக்கான முதலோடு கண்காணிப்புக்கான ஆண்டுச் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அழுத்த மானியும் கிருமித் தட்டும் பெரிய செலவல்ல. துகள் எண்ணும் கருவிதான் விலை கூடியது. அதை ஒவ்வொருவரும் வாங்கத் தேவையில்லை. நமது வர்த்தக சங்கங்கள் கூட்டாக ஒன்றை வாங்கலாம். அல்லது இலங்கை தராதர அங்கீகார சபையின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்யலாம். தராசுக்கு முத்திரை பதிப்பது போல அந்தக் கருவிக்கும் ஆண்டுதோறும் அளவு திருத்தம் செய்ய வேண்டும். முத்திரையில்லாத தராசில் நிறுக்க நாம் சம்மதிப்போமா?

மூன்றாவது, பாமசி நடத்துவோரும் இறக்குமதி செய்வோரும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை பதிவும் அனுமதியும் வழங்குகிறது. அது அரசின் கடமை. அரசின் அனுமதி இருக்கிறது என்பதற்காக நமது கேள்வி முடிந்துவிடுவதில்லை. கண் துளி, ஊசி மருந்து, சத்திரசிகிச்சைப் பொருள் ஆகியவற்றுக்கு இறக்குமதியாளர் தமது வழங்குநரிடம் கடந்த பன்னிரண்டு மாதத்தின் காற்றுக் கண்காணிப்புச் சுருக்கத்தைக் கேட்கட்டும். எல்லை தாண்டிய நாட்கள் எத்தனை, அன்று என்ன செய்தார்கள் என்று கேட்கட்டும். ஒரு தடவைகூட எல்லை தாண்டவில்லை என்று சொல்பவரை விட, மூன்று தடவை தாண்டியது, இன்ன காரணம், அந்தத் தொகுதியை நிறுத்தி வைத்தோம் என்று சொல்பவரே நம்பத் தகுந்தவர். சில்லறைக் கடைக்காரரால் இத்தனையும் கேட்க முடியாது. ஆனால் தனக்குச் சரக்குத் தருபவர் இதைக் கேட்டாரா என்று கேட்க முடியும்.

இப்படிக் கேட்டால் வழங்குநர் ஓடிவிடுவார் என்ற பயம் சிலருக்கு உண்டு. ஓடுபவர் ஓடட்டும். அவரது சரக்கு நமது தட்டில் இல்லாதது நமக்கு இலாபமே. பத்துக் கடை கேட்டால் அவர் அலட்சியம் செய்யலாம். மாவட்டத்துக் கடைகள் அனைத்தும் கேட்டால் பதிவேட்டோடு வந்து நிற்பார். வர்த்தக சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக முன்வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

வாடிக்கையாளர் நம் கடையில் வாங்கும் ஒரு சிறு குப்பியைத் தானே சோதித்துப் பார்க்க அவரிடம் கருவி கிடையாது. நம்மை நம்பித்தான் அதைக் கண்ணில் விடுகிறார். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாம் யாரை நம்பி வாங்கினோம், எந்த எண்ணைப் பார்த்து நம்பினோம் என்று அவர் கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.